ஐயமும் வினாவும்

மாலைப் பொழுது மங்கி, இருள் மெல்லப் பரவத் தொடங்கும் நேரம். ஊருக்குப் புறத்தேயுள்ள ஒற்றையடிப் பாதையில் ஒருவன் தனியே நடந்து செல்கின்றான். சற்றுத் தொலைவில் நெடியதோர் உருவம் நிற்பது அவன் கண்ணுக்குப் புலனாகின்றது. அது வெட்டப்பட்ட மரத்தின் கட்டையாக இருக்கலாம். வழியில் நிற்கும் மனிதனாகவும் இருக்கலாம். ‘கட்டையோ, மனிதனோ?’ என்று அவன் உள்ளம் ஊசலாடுகின்றது. கட்டையை மனிதன் என்று பிழைபடத் துணிந்துவிடுவானாயின் அதற்குத் திரிபு என்று பெயர். அருகில் சென்று நோக்கிக் கட்டையைக் கட்டை என்றே அறிவானாயின் அதற்குத் தெளிவு என்று பெயர். இவ்விரண்டையும் அடையாமல், இதுவோ அதுவோ என்று இடையே நிற்கும் நிலைதான் ஐயம்.

இவ்வெடுத்துக்காட்டு தொல்காப்பியத்திற்கு உரை கண்ட சான்றோர் காட்டியதாகும். பண்டைத் தமிழில் ஐயப்பொருளைத் தருவதற்கென்றே ‘கொல்’ என்னும் இடைச்சொல் வழங்கிற்று. இன்றும் ‘வருவானோ’, ‘மழை பெய்யுமோ’ என்று சொல்லின் இறுதியில் ஓர் ஓகாரத்தைச் சேர்த்து நம் ஐயத்தை எளிதாகப் புலப்படுத்திவிடுகின்றோம். ஆங்கில மொழியிலோ இத்தகைய ஓகாரம் இல்லை. ஐயுறுவதற்கும் வினவுவதற்கும் அம்மொழியார் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கின்றனர். அச்சொற்கள் ஒன்றுபோலத் தோன்றினும் பொருளால் வேறுபடுவன. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்தால் கருத்தே தலைகீழாக மாறிவிடும். அவ்வாறு மாறியதனால் விளையவிருந்த தீங்கு ஒன்றினை முதற்கண் கூறுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், பின்னாளில் வெளிநாட்டு ஆலையொன்றில் கொதிகலனைக் கண்காணிக்கும் வேலையில் அமர்ந்தார். கொதிகலனில் நீராவியின் அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால், பாதுகாப்பு வால்வு தானே திறந்துகொண்டு நீராவியை வெளியேற்றும். அவ்வால்வு துருவேறி ஒட்டிக்கொண்டால், பெருகும் அழுத்தத்திற்குப் போக்கிடம் இராது. கொதிகலன் வெடித்தாலும் வெடிக்கும். ஒருநாள் இரவு வேலையின்போது அவ்வால்வின் மீது அவருக்கு ஐயம் உண்டாயிற்று. அது ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்று அவர் அஞ்சினார். பொழுது விடிந்ததும், அடுத்து வருபவர்க்கு எச்சரிக்கையாக, ‘ஐ டவுட் தட் த சேஃப்டி வால்வ் இஸ் ஸ்டக்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தம் இருப்பிடத்திற்குச் சென்றார்.

‘வால்வு ஒட்டிக்கொண்டிருப்பதாக ஐயுறுகின்றேன்’ என்பதே அவர் கருதிய பொருள். ஆனால் அடுத்து வேலைக்கு வந்தவர் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர். அவருக்கு அத்தொடர் தந்த பொருள், ‘வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நான் நம்பவில்லை’ என்பதாகும். பழுது இருக்கலாம் என்று ஒருவர் எழுத, பழுது இராது என்று மற்றவர் படித்தார்! நல்வினைப் பயனாக, அவர் படித்தவுடன் ஏட்டை மூடிவிடவில்லை. ‘பழுது என்று ஒருவரும் சொல்லாதபோது, பழுதில்லை என்று இவர் எழுதக் காரணம் என்ன?’ என்று எண்ணினார். உடனே தொலைபேசியில் அழைத்து, “நீர் எழுதியதன் பொருள் யாது?” என்று வினவினார். உண்மை விளங்கிற்று. கொதிகலனைக் குளிரச்செய்து திறந்து பார்த்தபோது, வால்வு துருவேறி அசையாது கிடந்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது அவர் இதனை என்னிடம் சொன்னார். “ஐயா, அகராதியில் ‘டவுட்’ என்றால் ஐயம் என்றுதானே போட்டிருக்கிறது? நான் செய்த பிழை என்ன?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னால் முழு விடை கூற இயலவில்லை. தமிழே கற்றுத் தமிழே கற்பித்தவன் நான். ஆங்கிலம் எனக்குப் பிற்காலத்தில் வந்த மொழி. அவர் கேட்டதன் பின்னரே அச்சொற்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினேன். நான் அறிந்தவற்றை இங்கே உங்களுக்குக் கூறுகின்றேன்.

‘டவுட்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்கள் பேசிய பிரெஞ்சு மொழியிலிருந்து பின்வந்த நூற்றாண்டுகளில் எண்ணற்ற சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. ‘டவுட்’ என்பதும் அவற்றுள் ஒன்று. பிரெஞ்சு மொழிக்கு அது இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் அதன் மூலச்சொல் ‘துபிதாரே’ என்பது. ‘துவோ’ என்றால் அம்மொழியில் இரண்டு. இரண்டு வழிகளுக்கிடையே நிற்பது என்பதே அச்சொல்லின் அடிப்படை. பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன்னர் ஆங்கிலேயர் வழங்கிய பழஞ்சொல்லும் இரண்டு என்னும் எண்ணுப்பெயரோடு உறவுடையதே. ஜெர்மானியரும் ஐயத்தை ‘ட்ஸ்வைஃபெல்’ என்பர். அச்சொல்லினுள்ளும் ‘ட்ஸ்வை’ என்னும் இரண்டு ஒளிந்திருக்கின்றது. நாமும் துணிவு பிறவாத நிலையை ‘இருமனப்படுதல்’ என்கின்றோம் அல்லவா? மொழிகள் வேறாயினும் ஐயத்தை அனைவரும் இரண்டாகவே கண்டனர்.

அச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது, ஒலிக்கப்படாத ‘பி’ என்னும் எழுத்து ஒன்று இடையே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அவ்வெழுத்து அச்சொல்லில் இல்லை. அதன் இலத்தீன் மூலத்தை நினைவூட்ட விரும்பிய கற்றோர், பிற்காலத்தில் அதனை எழுத்தில் மட்டும் சேர்த்தனர். மக்கள் நாவோ பழையபடியே ஒலித்தது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல்லில் நிற்கும் ‘பி’யும் இவ்வாறு வந்ததே. எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது உங்களைத் துன்புறுத்தும் அவ்வெழுத்து, புலவர் சிலரின் மூலமொழிப் பற்றால் விளைந்தது என்று அறிக.

இனி, பொருளைக் காண்போம். ஐயத்தைத் துலாக்கோல் ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ‘உண்டு’, மறுதட்டில் ‘இல்லை’. தமிழில் ‘ஐயுறுகின்றேன்’ என்றால் கோல் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பது அச்சொல்லால் மட்டும் விளங்குவதில்லை; இடம் நோக்கி அறிகின்றோம். ஆங்கிலத்திலோ கோலின் சாய்வுக்கு ஏற்பச் சொல்லே மாறும்.

‘டவுட்’ என்னும் வினைச்சொல்லில் கோல் ‘இல்லை’ என்னும் பக்கம் சாய்ந்திருக்கும். ‘ஐ டவுட் தட் ஹீ வில் கம்’ என்றால், அவன் வருவான் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை என்பது பொருள். ‘சஸ்பெக்ட்’ என்னும் சொல்லில் கோல் ‘உண்டு’ என்னும் பக்கம் சாய்ந்திருக்கும். ‘ஐ சஸ்பெக்ட் தட் ஹீ வில் கம்’ என்றால், உறுதியில்லாவிடினும் அவன் வருவான் என்றே எண்ணுகின்றேன் என்பது பொருள். சஸ்பெக்ட் என்பதும் இலத்தீன் வழிவந்த சொல்லே. கீழிருந்து நோக்குதல் என்பது அதன் மூலப்பொருள். குனிந்த தலையுடன் ஒருவரை ஓரக்கண்ணால் உற்றுப் பார்ப்பவனை நினைத்துக்கொண்டால் அச்சொல்லின் இயல்பு எளிதில் விளங்கும். பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றைப் பற்றியே அது வரும். நோயையும் களவையும் பழுதையும் சஸ்பெக்ட் செய்யலாம். என் மாணவர் எழுதியிருக்க வேண்டிய சொல் இதுவே.

கோல் எப்பக்கமும் சாயாமல் நடுவே நின்றால் ‘வொண்டர்’ என்னும் சொல் வரும். வியப்பு என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் அது. அறியாத ஒன்றைக் கண்டு வியக்கும் உள்ளம், அடுத்து அதனை அறிய விரும்புகின்றது. ஆதலின் வியப்பைக் குறித்த சொல்லே அறியும் வேட்கையையும் குறிக்கலாயிற்று. ‘ஐ வொண்டர் வெதர் ஹீ வில் கம்’ என்றால், வருவானோ மாட்டானோ என எண்ணிப் பார்க்கின்றேன் என்பதாகும். அதில் வரும் ‘வெதர்’ என்னும் சொல்லுக்கு ‘இரண்டனுள் எது’ என்பதே பழம்பொருள். இங்கும் இரண்டு வந்தமை காண்க.

இவ்வேறுபாட்டை அறியாவிடின், பணிவாகப் பேச எண்ணியவன் பிறரை இகழ்ந்தவனாவான். ‘ஐ வொண்டர் வெதர் யூ குட் ஹெல்ப் மீ’ என்று ஒருவரிடம் சொன்னால், ‘எனக்குத் தாங்கள் உதவ இயலுமோ?’ என்று பணிவோடு கேட்டதாகும். ‘ஐ டவுட் வெதர் யூ குட் ஹெல்ப் மீ’ என்றாலோ, ‘எனக்கு உதவுமளவுக்கு உமக்குத் திறமை உண்டென்று தோன்றவில்லை’ என்பதுபோல் ஆகிவிடும். மாறியது ஒரு சொல். முன்னது வேண்டுகோள், பின்னது வசை.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் வேண்டும். என் மாணவர் செய்த பிழை அறியாமையால் விளைந்ததாயினும், ஆங்கில மொழி முன்னர் நடந்துவந்த பாதைக்கு முற்றிலும் புறம்பானதன்று. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில் (1564–1616) ‘டவுட்’ என்னும் சொல்லுக்கு ‘அஞ்சுதல்’, ‘இருக்கும் என ஐயுறுதல்’ என்னும் பொருள்களும் இருந்தன. ஸ்காட்லாந்து மக்களின் பேச்சு வழக்கில் அப்பொருள் இன்னும் அழியவில்லை. ‘மழை வரும் என்று டவுட் செய்கின்றேன்’ என்று ஸ்காட்லாந்து முதியவர் கூறினால், மழை வரும்போல் இருக்கின்றது என்று கருதிக் குடையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனையே லண்டன் நகரத்தவர் கூறினால் குடை வேண்டுவதில்லை! ஆதலின், சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. சொல்வோரின் இடத்தையும் காலத்தையும் சார்ந்து நிற்கின்றது.

நம் நாட்டில் மாணவர் பலர் ஆசிரியரை நோக்கி, ‘சார், ஐ ஹேவ் எ டவுட்’ என்பர். ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்னும் நம் பேச்சு வழக்கின் நேர்வடிவம் இது. நமக்குள் இது குற்றமின்றி விளங்கும். இந்திய ஆங்கிலத்தில் இது வேரூன்றிய வழக்கு. ஆயினும் அயல்நாட்டு ஆசிரியரிடம் இதனைக் கூறினால், தாம் கற்பித்ததில் பிழை இருப்பதாக மாணவன் கருதுகின்றான் என அவர் எண்ணக்கூடும். விளக்கம் வேண்டி நிற்கும்போது ‘ஐ ஹேவ் எ குவெஸ்ச்சன்’ என்று கூறுவதே எங்கும் பொருந்துவது. ஐயம் என்பது உள்ளத்தில் இருப்பது. வினா என்பது அவ்வையம் நீங்குதற்பொருட்டு வாயினின்று வெளிப்படுவது. இவ்விரண்டையும் ஆங்கிலம் வேறுபடுத்திக் காண்கின்றது.

‘குவெஸ்ச்சன்’ என்னும் சொல், தேடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ‘குவெரி’, ‘இன்குவைர்’, ‘குவெஸ்ட்’, ‘ரிக்வெஸ்ட்’ ஆகியனவும் அதன் உடன்பிறப்புகளே. வினவுபவனைத் தேடுபவனாக அச்சொற்கள் காட்டுகின்றன. தமிழில் ‘கேள்’ என்னும் சொல் வினவுதலையும் செவியால் கேட்டலையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளில் ‘கேள்வி’ என்று பெயர்பெற்ற 42ஆம் அதிகாரம், கற்றறிந்தார் சொல்வதைச் செவியால் கேட்டு அறிவதன் சிறப்பைக் கூறுவது. வினவிய பின்னர் விடைக்குச் செவி கொடுத்தலும் வினவலின் கூறே என்பதை நம் சொல் உணர்த்துகின்றது.

குவெஸ்ச்சன் என்னும் சொல்லுக்கும் இரண்டு முகங்கள் உள்ளன. ‘டு ஆஸ்க் எ குவெஸ்ச்சன்’ என்றால் வினாக் கேட்டல், அதில் தீங்கில்லை. அதனையே வினைச்சொல்லாக்கி ஒருவரது நேர்மையை ‘குவெஸ்ச்சன்’ செய்ததாகக் கூறினால், அந்நேர்மையை மறுத்ததாகும். ‘பியாண்ட் குவெஸ்ச்சன்’ என்றால் ஐயத்திற்கு இடமில்லாதது. ‘அவுட் ஆஃப் த குவெஸ்ச்சன்’ என்றால் ஒருக்காலும் நடவாதது. முன்வரும் சிறு சொற்கள் பொருளை எத்துணைத் தொலைவு கொண்டுசெல்கின்றன பாருங்கள்!

புகைவண்டி நிலையங்களில் ‘என்கொயரி’ என்றும், அதன்கீழ் ‘விசாரணை’ என்றும் எழுதப்பட்ட பலகையைக் கண்டிருப்பீர்கள். வண்டி எப்பொழுது வரும் என்று அங்கே கேட்கலாம். காவல்துறையினர் குற்றத்தை ஆராய்வதையும் விசாரணை என்றே கூறுகின்றோம். பிரித்தானிய ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்த எழுதுவோர் பலர் முதலெழுத்தை மாற்றுவர்: ‘ஈ’ என்னும் எழுத்தில் தொடங்கும் என்கொயரி வெறுமனே கேட்டறிவது, ‘ஐ’ என்னும் எழுத்தில் தொடங்கும் இன்குவைரி முறைப்படி நடைபெறும் ஆய்வு.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தனர். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. இப்பகுப்பு தமிழுக்கென அமைந்ததாயினும் ஆங்கிலத்திற்கும் பொருந்துகின்றது. ‘ஹேவ் யூ எ பென்?’ என்னும் தொடரைக் காண்போம். எழுதுகோலை மறந்துவந்த மாணவன் தோழனிடம் இவ்வாறு கேட்டால், அது பெற விரும்பிக் கேட்ட கொளல்வினா. கையில் இரண்டு எழுதுகோல்களை வைத்திருக்கும் ஆசிரியர், வெறுங்கையுடன் அமர்ந்திருக்கும் மாணவனிடம் அதனையே கேட்டால், அது கொடுக்கக் கருதிக் கேட்ட கொடைவினா. வகுப்பிலுள்ளோர் அனைவரும் எழுதிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் சாளரத்தின் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் குரலை உயர்த்தி அதனையே கேட்டால், எழுதுக என்று கட்டளையிடும் ஏவல்வினா. சொற்கள் மாறவில்லை, கேட்பவரின் கருத்தே வினாவின் வகையை உறுதி செய்கின்றது.

ஐயத்தின் அளவைக் காட்டவும் ஆங்கிலத்தில் சொற்கள் உள. ‘பாசிபிளி’ என்றால் நிகழக்கூடும். ‘பர்ஹாப்ஸ்’ என்றால் ஒருவேளை. ‘பிராபப்ளி’ என்றால் பெரும்பாலும். இவற்றுள் பர்ஹாப்ஸ் என்பது தற்செயல் என்னும் பொருளுடைய பழஞ்சொல் அடியாக வந்தது. பிராபப்ளி என்பது சோதித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று வந்தது. இன்னொரு விந்தையும் உண்டு. ‘நோ டவுட்’ என்பது சொல்லளவில் ‘ஐயமில்லை’ என்பதாயினும், இக்கால வழக்கில் ‘அப்படித்தான் இருக்கும்போலும்’ என்னும் அளவுக்கு வலிமை குன்றிவிட்டது. உண்மையிலேயே ஐயமில்லை என்று சொல்ல விரும்புவோர் ‘அன்டவுட்டட்லி’ என்பர்.

இச்சொற்களின் அளவு கேட்பவர்க்கெல்லாம் ஒன்றாக விளங்குமா? 1951ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அமெரிக்க நடுவண் உளவு நிறுவனத்தில், மதிப்பீட்டு அறிக்கைகளை உருவாக்கும் பிரிவில் ஷெர்மன் கென்ட் என்பவர் பணியாற்றினார். அந்நாளில் யூகோஸ்லாவியா என்றொரு நாடு இருந்தது. அதன்மீது அவ்வாண்டு படையெடுப்பு நிகழ்வது ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று அவரது பிரிவின் அறிக்கை கூறியது. புறக்கணிக்க இயலாத வாய்ப்பு என்று அதனைத் தமிழிற் கூறலாம். அறிக்கையைப் படித்த வெளியுறவுத்துறை அலுவலர் ஒருவர், “எத்துணை வாய்ப்பு என்று கருதி இதனை எழுதினீர்கள்?” என்று கென்டிடம் கேட்டார். நிகழ்வதற்கு 65 பங்கும் நிகழாமைக்கு 35 பங்கும் எனத் தாம் கருதியதாக அவர் கூறினார். அலுவலர் திடுக்குற்றார், அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் வாய்ப்பு அதனினும் மிகக் குறைவு என்றே கருதியிருந்தனர்.

கென்ட் தம் பிரிவிற்குத் திரும்பி, அவ்வறிக்கையை உருவாக்கியவர்களையே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் 80 என்றார். மற்றொருவர் 20 என்றார். ஏனையோர் இடையே நின்றனர். ஒரே சொல்லுக்கு அனைவரும் உடன்பட்டனர். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பொருளுக்கே உடன்பட்டனர். போரும் அமைதியும் பற்றிய அறிக்கையிலேயே இந்நிலை! படையெடுப்பு நிகழவில்லை என்பது உலகம் பெற்ற பேறு. ஐயச் சொற்களுக்கு எண்ணளவு வகுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தி, கென்ட் 1964ஆம் ஆண்டில் கட்டுரையொன்று எழுதினார்.

அத்தகைய முறை இன்று அறிவியல் உலகில் வழங்குகின்றது. 1988ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற, காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுகளின் குழு தன் அறிக்கைகளில் சொற்களுக்கு அளவு குறித்துள்ளது. ‘லைக்லி’ என்றால் 100க்கு 66 அல்லது அதற்கு மேற்பட்ட வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ என்றால் 90 அல்லது அதற்கு மேல். ‘வர்ச்சுவலி செர்ட்டன்’ என்றால் 99 அல்லது அதற்கு மேல். தமக்கு எவ்வளவு தெரியும் என்பதோடு, எவ்வளவு தெரியாது என்பதையும் அளந்து கூறுவதே அறிஞர்க்கு அழகு.

ஐயம் மனிதனின் உரிமையைக் காக்கும் இடமும் உண்டு, அது நீதிமன்றம். குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை குற்றஞ்சாட்டுவோர்க்கே உரியது என்றும், நியாயமான ஐயம் எஞ்சுமாயின் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தல் வேண்டும் என்றும், 1935ஆம் ஆண்டில் வுல்மிங்டன் என்பவரின் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தெளிவுறுத்தியது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்நெறியைப் போற்றுகின்றன. ‘ரீசனபிள் டவுட்’ என்று சட்டம் கூறும் ஐயம், வீண் கற்பனையால் எழுவதன்று, காரணம் காட்டத்தக்கது. ‘பெனிஃபிட் ஆஃப் டவுட்’ என்னும் தொடரைக் கிரிக்கெட் ஆட்டத்தின்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆட்டமிழந்தார் என்று துணிய இயலாதபோது ஐயத்தின் பயனை மட்டையாளருக்கு அளித்தல் நடுவரின் நெடுநாள் மரபு.

மாணவர்களே! என் மாணவரின் குறிப்பேட்டை மீண்டும் நினைந்து பாருங்கள். அங்கே தீங்கு விளையவிருந்தது ஒரு சொல்லால். அது விலகியதோ ஒரு வினாவால். படித்தவர், தாம் கொண்ட பொருளே பொருள் என்று துணிந்திருந்தால் அது திரிபாக முடிந்திருக்கும். அவர் தம் தெளிவின்மீதே சற்று ஐயம் கொண்டார். ஐயம் எழுந்ததும் வினவ நாணவில்லை. இருளில் நின்ற உருவத்தின் அருகே சென்று, கட்டையோ மனிதனோ என்று நோக்கிய வழிப்போக்கனைப் போன்றவர் அவர்.

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது, துலாக்கோல் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று முதலில் உங்கள் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பவில்லையாயின் டவுட், இருக்குமென அஞ்சினால் சஸ்பெக்ட், நடுவே நின்றால் வொண்டர், அறிய விரும்பினால் குவெஸ்ச்சன். அதன்பின் எழுதுங்கள். பிறர் எழுதியது விளங்காவிடின், ஊகித்து அமையாமல் எழுதியவரையே கேளுங்கள்.

வகுப்பில் எழுந்து வினவுவதற்கு நாணுவோர் உங்களுள் பலர் இருப்பர். மற்றவர் நகைப்பர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஐயம் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு, இல்லாதவர்க்கு இடும் பிச்சை என்னும் பொருளும் உண்டு. பொருளை இரத்தல் ஒருவனைத் தாழ்த்தினும் தாழ்த்தலாம்; அறிவை இரத்தல் எவரையும் தாழ்த்துவதில்லை. கொடுப்பவர்க்குக் குறையாமல் பெறுபவர்க்கு நிறையும் செல்வம் கல்வியன்றோ? நான் ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் எனக்கு விடை தெரியாத வினாக்களைக் கேட்ட மாணவர்களாலேயே மிகுதியாகக் கற்றேன். அம்மாணவருள் கொதிகலனைக் காத்தவரும் ஒருவர். ஆதலின், ஐயம் எழுந்தபோது அதனை உள்ளத்தில் ஒளிக்காதீர்கள். தக்க சொல்லால் வினவித் தெளிவு பெறுங்கள்.